துப்பறியும் நாவலாசிரியரின் மேசை: ஒரு புத்தகத்துக்குள் இரண்டு கதைகள்

கொலை நடந்த வீட்டின் கூடத்தில் ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்து கிடக்கிறது. படிப்பவருக்கு அது முதல் அத்தியாயத்தில் வரும் ஒரு வரி, அவ்வளவுதான். எழுதியவருக்கோ அது முந்தைய இரவு பத்து மணிக்கு ஒருவர் கையிலிருந்து நழுவிய டம்ளர். யார் கையிலிருந்து, அந்தச் சத்தம் யாருக்குக் கேட்டது, விடியும்வரை ஏன் யாரும் பெருக்கி அள்ளவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

துப்பறியும் நாவல் என்றால் என்ன என்ற கேள்விக்கு இதுதான் சுருக்கமான பதில்: அதில் இரண்டு கதைகள் இருக்கின்றன. ஒன்று, குற்றம் நடந்த கதை. மற்றொன்று, அந்தக் குற்றம் கண்டுபிடிக்கப்படும் கதை. வசதிக்காக முதலாவதை உள்கதை என்றும் இரண்டாவதை வெளிக்கதை என்றும் வைத்துக்கொள்வோம். அச்சாகி வருவது வெளிக்கதை. ஆனால் முதலில் எழுதப்பட வேண்டியது உள்கதை. இது பிடிபட்டுவிட்டால், இந்த எழுத்தாளர்கள் ஏன் ரயில் கால அட்டவணையையும் மருந்துக் கலவைப் புத்தகத்தையும் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள், ஏன் முதல் அத்தியாயத்துக்கு முன்பே ஒரு நோட்டு தீர்ந்துபோகிறது என்பது தானாகவே விளங்கும்.

உள்கதையை எழுதும் நோட்டு

நோட்டின் இரண்டு பக்கங்களைச் சேர்த்து விரித்து ஒரு கட்டம் போடுங்கள். இடது ஓரத்தில் நேரம். மேலே ஆட்களின் பெயர்கள்: இறந்தவர், கொலையாளி, சந்தேகத்துக்கு உள்ளாகும் மூன்று முதல் ஐந்து பேர். கொலை நடந்த நாளுக்குக் கால்மணி நேரத்துக்கு ஒரு வரி, அதற்கு முந்தைய வாரத்துக்கு நாளுக்கு ஒரு வரி, அதற்கும் முந்தைய பகைக்கும் பாகப்பிரிவினைக்கும் ஆண்டுக்கு ஒரு வரி. ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று செய்திகள்: அந்த ஆள் எங்கே இருந்தார், யார் பார்த்தார்கள், பின்னால் கேட்டால் என்ன சொல்லப்போகிறார்.

புதிதாக எழுதுபவர்கள் கொலையாளியின் பத்தியை மட்டும் நிரப்பிவிட்டு நிம்மதியாக எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். வம்பு பெரும்பாலும் குற்றமற்றவர்களிடமிருந்துதான் வரும். 'எட்டரை மணிக்கு எங்கே இருந்தீர்கள்' என்று துப்பறிபவர் கேட்கும்போது, பதிலை அந்த நேரத்துக்கு ஏதோ கற்பனை செய்து எழுதிவிடுவார்கள். ஆறாம் அத்தியாயத்தில் கோயிலில் இருந்தவர் பதினான்காம் அத்தியாயத்தில் மாடியில் இருப்பார். இன்னொன்றும் உண்டு: குற்றமற்றவர் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு பொய்யும், அதற்குச் சொந்தமாக ஒரு காரணமும் வேண்டும். வீட்டுக்குத் தெரியாமல் வாங்கிய கடன், யாரிடமும் சொல்லாத மருத்துவச் சோதனை என்று எதுவும் ஆகலாம். கொலையாளி ஒருவர் மட்டுமே பொய் சொல்லும் நாவலில் கொலையாளியைக் கண்டுபிடிக்க வாசகருக்கு மூளையே தேவையில்லை.

நோட்டில் எழுதாமல் எல்லாவற்றையும் மண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குச் சார்லஸ் டிக்கன்ஸின் கடைசி நாவல் சாட்சி. 12 மாதத் தொடராகத் திட்டமிட்ட அந்த மர்மக் கதையில் 6 பகுதிகளை முடித்திருந்த நிலையில் 1870 ஜூன் மாதம் அவர் இறந்துபோனார். முடிவை அவர் எழுதி வைக்கவில்லை. அந்தக் கதையில் காணாமல்போகும் எட்வின் ட்ரூடுக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை ஆளுக்கொரு விடை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். உள்கதையில் சிறு ஓட்டை மட்டும் விழுந்த கதையும் உண்டு. ரேமண்ட் சாண்ட்லரின் 1939 நாவல் ஒன்றில் கார் ஓட்டுநர் ஒருவர் செத்துப்போகிறார். அதைப் படமாக எடுத்தவர்கள் அவரைக் கொன்றது யார் என்று கேட்டபோது, தனக்கும் தெரியவில்லை என்று சாண்ட்லர் பதில் சொன்னார். அவருடைய நடை அந்த ஓட்டையைத் தாங்கியது. முதல் நாவல் எழுதுபவர் அதை நம்பி இறங்கக் கூடாது.

இந்த நோட்டு அழகாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அகதா கிறிஸ்டி விட்டுச் சென்ற நோட்டுகளில் 73 இன்றும் இருக்கின்றன. பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் சாதாரண நோட்டுகள். கொலைத் திட்டத்துக்கு நடுவே வீட்டுப் பட்டியல்களும் சீட்டாட்டக் கணக்கும் கிடக்கும். ஒரே நாவலின் குறிப்புகள் நாலைந்து நோட்டுகளில் சிதறியிருக்கும், தேதியும் அநேகமாக இருக்காது. அவற்றை ஆராய்ந்து ஜான் கர்ரன் 2009-இல் ஒரு புத்தகமே வெளியிட்டார். அந்தக் குறிப்புகளில் திரும்பத் திரும்பத் தெரிவது ஒரு பழக்கம்: ஒரே சூழ்நிலைக்கு ஏ, பி, சி என்று மாற்று வழிகளை வரிசையாக எழுதிப் பார்ப்பது. கொன்றது மனைவியாக இருந்தால்? மருத்துவராக இருந்தால்? இருவரும் சேர்ந்திருந்தால்? முதலில் தோன்றுவது வாசகருக்கும் முதலில் தோன்றும் என்பதால் இந்தப் பட்டியல் வெறும் பயிற்சி இல்லை, வேலையின் மையமே இதுதான்.

என்ன படிக்கிறார்கள், எப்படிப் படிக்கிறார்கள்

இவர்களின் வாசிப்பில் கதைப் புத்தகங்கள் ஒரு பங்குதான். மீதியெல்லாம் யாரும் பொழுதுபோக்குக்குப் படிக்காத காகிதங்கள்.

முதல் உலகப் போரின்போது கிறிஸ்டி இங்கிலாந்தின் டார்க்கி நகர மருத்துவமனையில் முதலில் செவிலியராகவும் பிறகு மருந்தகத்திலும் வேலை பார்த்தார். மருந்து கலப்பதற்கான தேர்வை 1917-இல் முடித்தார். 1920-இல் வெளிவந்த அவருடைய முதல் நாவலின் முடிச்சு அந்த மருந்தகத்தின் பாடப்புத்தகத்திலிருந்து வந்தது. திரவ மருந்தில் கரைந்திருக்கும் ஒரு பொருள், வேறொன்று சேர்ந்தால் வண்டலாக அடியில் தங்கிவிடும். 'குலுக்கியபின் அருந்தவும்' என்று மருந்துப் புட்டிகளில் ஒட்டியிருப்பதற்குப் பின்னால் இருப்பது இந்த மாதிரி வேதியியல்தான். அந்த நாவலை இனிமேல் படிக்கப்போகிறவர்களுக்காக மீதியைச் சொல்லாமல் விடுகிறேன். மருந்தாளர்களின் தொழில்முறை இதழ் ஒன்றே அந்த நாவலைப் பாராட்டி எழுதியது. நஞ்சைப் பற்றி எழுதிய எத்தனையோ கதாசிரியர்களுக்குக் கிடைக்காத மரியாதை அது.

ஜப்பானின் செய்ச்சோ மாட்சுமோட்டோ படித்தது ரயில்வே கால அட்டவணை. அந்நாளில் தோக்கியோ நிலையத்தின் 13-ஆம் நடைமேடையில் நின்றால் 15-ஆம் நடைமேடை தெரியவில்லை, இடையில் எப்போதும் ஏதாவது ரயில் மறைத்து நின்றது. மாலையில் 4 நிமிடம் மட்டும் மறைப்பு விலகியது. 1958-இல் புத்தகமாக வந்த அவருடைய நாவல் அந்த 4 நிமிடத்தின்மேல் நிற்கிறது. ஒருவர் தற்செயலாகப் பார்த்தாரா, பார்க்கும்படி வைக்கப்பட்டாரா? காகிதத்தில் கிடந்த ஒரு காலி நேரத்தைக் கேள்வியாக மாற்றியது அந்த வாசிப்பு.

டாரதி சேயர்ஸ் 1922 முதல் 1931 வரை லண்டன் விளம்பர நிறுவனம் ஒன்றில் வாசகம் எழுதினார். அந்த அலுவலகப் பேச்சும் பரபரப்பும் பிறகு ஒரு நாவலாயிற்று. தேவாலய மணிகளை முறைமாற்றி அடிக்கும் ஆங்கிலக் கலையைப் புத்தகங்களிலிருந்து கற்றுக்கொண்டு 1934-இல் இன்னொன்று எழுதினார். பிரெஞ்சில் எழுதிய ஜார்ஜ் சிமெனோன் தொலைபேசி அகராதிகளைப் புரட்டிப் பாத்திரங்களுக்குப் பெயர் தேடினார். பெயர், வயது, முகவரி, குடும்பம் எல்லாவற்றையும் ஒரு பழுப்பு உறையின்மேல் குறித்துக்கொண்ட பிறகே எழுத உட்காருவார்.

நம்மூரில் வைத்து எழுதுபவர் படிக்க வேண்டியவை வேறு. 2024 ஜூலை 1 முதல் கொலைக்கான பிரிவு புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 103. அதற்கு முன் நடக்கும் கதையில்தான் பழைய சட்டத்தின் 302 வரலாம். சந்தேக மரண விசாரணைக்கு முன்பு 174, இப்போது புதிய நடைமுறைச் சட்டத்தில் 194. கதை நடக்கும் தேதியை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைப்பது இதற்காகத்தான். உடல் விறைப்பதைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. இறந்த சில மணி நேரத்தில் தாடை, முகத் தசைகளில் தொடங்கி, ஏறக்குறைய 12 மணி நேரத்தில் உடல் முழுதும் பரவி, பிறகு மெல்லத் தளரும் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். வெயிலில் இந்தக் கணக்கு முழுதும் வேகமாக ஓடும். குளிர்நாட்டுக் கதையில் படித்த மணிக்கணக்கைத் தூக்கிக்கொண்டுவந்து மே மாத வேலூரில் வைத்தால் தவறு. எந்த மருத்துவரும் 'இரவு 9.40-க்கு இறந்தார்' என்று சொல்லமாட்டார். இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிக்குள் என்றுதான் சொல்வார். அந்த இடைவெளி எழுத்தாளருக்குக் கிடைத்த வரம், அதை அவர்களே கைவிடுவது வருத்தமாக இருக்கிறது.

இப்படிப் படித்ததையெல்லாம் கதையில் கொட்டுவது பொதுவான தவறு. மற்ற நாவல்களில் அதனால் அலுப்பு மட்டும்தான் வரும். துப்பறியும் நாவலில் இரகசியமே உடைந்துவிடும். ஒரே ஒரு மருந்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினால், கொன்றது எது என்று கைகாட்டிவிட்டதாக அர்த்தம்.

சக எழுத்தாளர்களின் நாவல்களை இவர்கள் இரண்டு முறை படிக்கிறார்கள். முதல் முறை எல்லோரையும் போல, ஏமாறுவதற்காக. இரண்டாம் முறை பென்சிலோடு, எப்படி ஏமாந்தோம் என்று பார்ப்பதற்காக. தடயம் எந்தப் பக்கத்தில் முதலில் வந்தது, அதே பக்கத்தில் கவனத்தை இழுத்துப்போன வேறு விஷயம் எது, எத்தனை பக்கம் கழித்து அது மறுபடி தலைகாட்டியது என்று ஓரத்தில் குறிக்க வேண்டும். பத்து நாவல்களை இப்படிப் படித்தவருக்கு எழுத்துப் பயிற்சி வகுப்பு அநேகமாகத் தேவைப்படாது. சாண்ட்லர் இன்னும் ஒரு படி போனார். நாற்பது வயதைக் கடந்து, எண்ணெய் நிறுவன வேலையை இழந்தபின் எழுத வந்தவர் அவர். எர்ல் ஸ்டான்லி கார்ட்னரின் ஒரு கதையை எடுத்துச் சுருக்கி, அந்தச் சுருக்கத்திலிருந்து கதையைத் தானே மறுபடி எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுப் பழகினார்.

எழுதும் நேரம்

எழுதும் இடத்தைப் பற்றி ஆரம்பத்தில் அதிகம் கவலைப்படுவார்கள். கிறிஸ்டிக்கு வெகுகாலம் தனி எழுத்தறை கிடையாது. தட்டச்சுப் பொறியும் ஆடாத மேசையும் போதும் என்றார். படுக்கையறையில் முகம் கழுவ வைத்திருந்த பளிங்கு மேசையும், சாப்பாட்டு வேளைகளுக்கு இடையில் உணவு மேசையும் அவருக்கு எழுதுமேசைகள். பி. டி. ஜேம்ஸ் மருத்துவமனை நிர்வாக வேலைக்குக் கிளம்புவதற்கு முன் அதிகாலையில் எழுதினார். முதல் நாவல் 1962-இல் வந்தபோது அவருக்கு வயது 42.

சாண்ட்லர் வகுத்துக்கொண்ட முறை எல்லோருக்கும் பயன்படும்: நாளுக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் ஒதுக்க வேண்டும், அந்த நேரத்தில் எழுதியே தீர வேண்டும் என்றில்லை, ஆனால் வேறு எதையும் செய்யக் கூடாது. சிமெனோன் நேர் எதிர்த் துருவம். நாளுக்கு ஓர் அத்தியாயம், ஒரு நாவலுக்குப் பத்துப் பதினோரு நாள். தொடங்குவதற்கு முன் மருத்துவரிடம் போய் உடம்பைக் காட்டிக்கொள்வார், ஏனென்றால் நடுவில் இரண்டு நாள் படுத்துவிட்டால் அதுவரை எழுதியதைத் தூக்கி எறிய வேண்டியிருக்கும். மெக்ரே என்ற போலீஸ் அதிகாரி துப்பறியும் 75 நாவல்கள் இப்படி வந்தவை. வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுபவர் இதைப் பின்பற்றப் பார்ப்பது வீண்.

கணக்கைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் இவ்வகை நாவலுக்கு 70,000 சொற்களுக்கு மேல் ஆகும். தமிழில் வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே கதை 50,000 சொற்களுக்குள் அடங்கலாம். நாளுக்கு 600 சொற்கள், வாரம் 6 நாள் என்றால் 14 வாரத்தில் முதல் வரைவு முடியும். இது நோட்டு வேலை முடிந்தபிறகு ஆகும் காலம். நோட்டுக்கே ஒன்றிரண்டு மாதம் போனால் பதற வேண்டாம்.

வாரப் பத்திரிகையில் தொடராக எழுதுபவருக்கு இன்னொரு நெருக்கடி உண்டு. தமிழில் துப்பறியும் கதைகள் பலவும் தொடர்கதையாக வளர்ந்தவை. மூன்றாம் வாரம் அச்சானதைப் பதினைந்தாம் வாரம் திருத்த முடியாது. உள்கதை முழுதும் முதல் வாரத்துக்கு முன்பே முடிந்திருந்தால்தான் பிழைக்க முடியும்.

தடயத்தை எப்படி வைப்பது

1929-இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், இவரும் துப்பறியும் நாவலாசிரியர்தான், பத்து விதிகள் எழுதினார். அவற்றில் இன்றும் உயிரோடு இருப்பது ஒன்று: துப்பறிபவர் கண்ட தடயம் வாசகர் கண்ணிலும் பட்டிருக்க வேண்டும். அடுத்த ஆண்டு லண்டனில் தொடங்கிய துப்பறியும் எழுத்தாளர் சங்கத்தில் சேருபவர்கள், இதைப் போன்ற நேர்மைக்கு உறுதிமொழியே எடுத்துக்கொண்டார்கள். காட்டவும் வேண்டும், தெரியவும் கூடாது. இதற்கு ஓர் உதாரணத்தைக் கட்டிப் பார்க்கலாம்.

கொலை இரவு 8.20-க்கு. தெருவில் 8.05 முதல் 8.50 வரை மின்தடை. கொலையாளி சேகர், அந்த நேரத்தில் வீட்டில் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்ததாகப் பின்னால் சொல்லப்போகிறான். மின்தடையை நேரடியாகச் சொன்னால் எல்லோரும் கணக்குப் போட்டுவிடுவார்கள். அதனால் மூன்றாம் அத்தியாயத்தில் கொலை நடந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அம்மா போலீஸ்காரரிடம் புலம்புகிறார்: தண்ணி வரலை, மருமகள் ஊருக்குப் போய்விட்டாள், கிரைண்டர் பாதியில் நின்று மாவு அரைபடாமல் போச்சு, காலையில் இட்லி கல்லு மாதிரி. அந்த வாய் மூடுவதற்குள் வாசலில் யாரோ மயங்கி விழுகிறார்கள். தடயம் நாலு புகார்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. பின்னால் வந்த சத்தம் அதை மூடிவிட்டது. வாசகர் நினைவில் தங்குவது இட்லிதான்.

இப்போது ஓட்டைகளைத் தேட வேண்டும், ஏனென்றால் வாசகர் தேடுவார். சேகர் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால்? ஐந்தாம் அத்தியாயத்தில் விசாரணைக்குப் போகும்போது கரண்ட் போகிறது, சேகரின் அம்மா பனையோலை விசிறியைத் தேடி எடுக்கிறார். புலம்பிய அம்மா வீட்டுக்கும் சேகர் வீட்டுக்கும் வெவ்வேறு டிரான்ஸ்ஃபார்மராக இருந்தால்? ஒரே தெருவில், எதிரெதிராக வைத்துவிட்டு, அன்றிரவு தெருவே இருட்டாக இருந்ததை வேறு யாராவது வேறு காரணத்துக்காகச் சொல்ல வேண்டும். செல்போனில் பார்த்திருந்தால்? அவன் வாயாலேயே 'டிவி' என்று சொல்ல வைக்க வேண்டும், போன் பழுதுபார்க்கும் கடையில் கிடக்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டையை அடைக்கும்போதும் ஒரு புதிய தடயம் பிறக்கிறது, அதையும் ஒளிக்க வேண்டும். ஒரு தடயத்துக்கு நான்கு இடங்களில் வேலை என்பது இந்தத் தொழிலில் சாதாரணம். முக்கியமான தடயங்கள் ஐந்தாறுக்கு மேல் வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான்.

திருத்தும்போது

முதல் வரைவு முடிந்ததும் நோட்டையும் வரைவையும் அருகருகே வைத்து, ஒவ்வொரு நேரத்தையும் ஒவ்வொரு பெயரையும் டிக் அடித்துக்கொண்டே வர வேண்டும். வளர்பிறையா தேய்பிறையா, ஞாயிற்றுக்கிழமை வங்கி திறந்திருந்ததா, வலது கைக்காரர் இடது கையால் கையெழுத்துப் போட்டாரா என்பவையெல்லாம் இங்கேதான் சிக்கும்.

பிறகு மூன்று பேரிடம் படிக்கக் கொடுங்கள். 'பிடித்திருக்கிறதா' என்று கேட்பதில் பயனில்லை. ஐந்து அத்தியாயத்துக்கு ஒருமுறை நிறுத்தி, யார்மேல் சந்தேகம், எந்தப் பக்கத்திலிருந்து என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பாதிப் புத்தகத்துக்குள் மூவரும் சேகரைப் பிடித்துவிட்டால் தடயம் உரக்கக் கத்துகிறது. கடைசிவரை ஒருவர்கூட அவன் பெயரை எழுதவில்லை என்றால் தடயம் மண்ணுக்குள் புதைந்துவிட்டது, முடிவு அவர்களுக்கு மோசடியாகத் தோன்றும். ஒருவராவது சந்தேகப்பட்டு, 'சே, இவனாக இருக்காது' என்று விட்டிருக்க வேண்டும்.

கடைசி வேலை, சேகர் பேசும் வரிகளை மட்டும் தனியாக எடுத்துத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை படிப்பது. நான்காம் அத்தியாயத்தில், யாரும் அவனைச் சந்தேகிக்காதபோது, 'எட்டேகால் டிவி நியூஸ்ல மழை வரும்னு சொன்னான்' என்று போகிற போக்கில் சொல்லியிருப்பான். கடைசி அத்தியாயத்தில் துப்பறிபவர் அந்த வரியைத் திருப்பிச் சொல்லி அவனை மடக்குவார். வாசகர் உடனே நான்காம் அத்தியாயத்துக்குப் புரட்டுவார். எட்டேகால் என்றிருந்தது திருத்தத்தில் எட்டரை ஆகிவிடாமல், டிவி நியூஸ் பேப்பர் நியூஸாக மாறிவிடாமல், அங்கே அது சொல்லுக்குச் சொல் அப்படியே இருக்க வேண்டும்.